ஈயக்குண்டும் தோலும்

நாயின் உடம்பெங்கும் தோல் ஒரே தாராளத்தோடு அமைந்திருப்பதில்லை. பிடரியிலும் விலாவிலும் தொடை அடிவயிற்றோடு சேரும் மடிப்பிலும் கைப்பிடியாக அள்ளித் தூக்கக்கூடிய அளவுக்குத் தொளதொளவென்று இருக்கும் அதே தோல், முழங்கைக்குக் கீழும் பின்னங்காலின் கணுவுக்குக் கீழும் எலும்போடும் தசைநாணோடும் ஒட்டி, நனைந்த காலுறை போல இறுகிக் கிடக்கிறது. தாய் நாய் தன் குட்டியைப் பிடரியில் கவ்விக் கொண்டு இடம் மாற்றுவது முதலில் சொன்ன தாராளத்தினால் முடிகிறது. சாலையில் வண்டி இழுத்துச் சென்று கால் தோல் உரிந்த நாய்க்குப் புண் மாதக்கணக்கில் மூடாமல் கிடப்பது இரண்டாவதாகச் சொன்ன கஞ்சத்தனத்தினால் நேர்கிறது. நாயின் காலைச் சீரமைக்கும் அறுவையில் பெரும் சிக்கல், எலும்பைச் சேர்ப்பதிலோ மூட்டை நிலைப்படுத்துவதிலோ இல்லாமல், அவற்றின் மேல் போர்த்தத் தோல் எங்கிருந்து வரும் என்ற எளிய கேள்வியில்தான் இருக்கிறது.

முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போன நாய்க்கு, புண்ணின் இரு பக்கத் தோலையும் அடியிலிருந்து விடுவித்து, நடுவில் இழுத்துச் சேர்த்து, ஒரே அமர்வில் தைத்து அனுப்பிவிட முடியும். கணுவுக்குக் கீழே இரண்டு விரல் அகலம் போனாலே அந்த வழி அடைபட்டுவிடுகிறது. வலிந்து இழுத்துத் தைத்தால் மூன்றாம் நான்காம் நாளில் தையல் அறுத்துக்கொண்டு விடும். விடாமல் நின்றுவிட்டால் அது இன்னும் கெடுதல், ஏனெனில் இரத்தப் பெருக்கை நிறுத்த அறுவை மேசையில் கட்டப்படும் இறுக்குப்பட்டையின் வேலையைத் தைத்த தோலே செய்யத் தொடங்கி, மேலேற வேண்டிய சிரை இரத்தத்தையும் நிணநீரையும் தேக்கிப் பாதத்தை வீங்க வைத்து, கவனியாமல் விட்டால் பாதத்தையே சாகடித்துவிடும். ஒன்றும் செய்யாமல் கட்டு மட்டும் மாற்றிக்கொண்டு காத்திருப்பதும் காலில் எடுபடுவதில்லை. புண்ணின் தரையில் வளரும் சிவந்த புதுச்சதையில், தசைநாரைப் போலச் சுருங்கும் ஆற்றல் கொண்ட நார்ச்செல்கள் இருப்பதை 1971இல் கபியானி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் எடுத்துக்காட்டினர்; புண் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போவது, அச்செல்கள் சுற்றியுள்ள தோலை உள்நோக்கி இழுப்பதால்தான். விலாப் புறத்தில் இந்த இழுப்புக்கு இளகிக் கொடுக்கத் தோல் உண்டு. காலில் அது இல்லாததால் இழுப்பு ஓரளவில் நின்று போக, மிச்சத்தை மூடுவது மயிரற்ற, தாள் போல மெலிந்த மேல்தோல் மட்டுமே. அது படிக்கட்டில் ஒருமுறை தட்டினாலும் மீண்டும் பிய்ந்துகொள்ளும்.

இதை எழுதுபவர் தென்மாவட்ட நகரம் ஒன்றின் கால்நடை மருத்துவமனையில் அறுவைப் பிரிவில் பணியாற்றிய ஆண்டுகளில், தோல் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு மூன்று வகை விடைகளே கைவசம் இருந்தன. வேறிடத்துத் தோலை முற்றாக வெட்டியெடுத்துக் கொண்டுவந்து பதிப்பது ஒன்று. இதனைத் தோல் ஒட்டு என்பர். ஒரு பக்கம் உடம்போடு இணைந்து, தன் இரத்தக் குழாயைத் தானே சுமந்து வரும் தோல் மடலைத் திருப்பிப் போர்த்துவது மற்றொன்று. மூன்றாவது, புண்ணின் பக்கத்திலேயே இருக்கும் தோலைக் கால அவகாசம் கொடுத்துப் பெரிதாக்கிக்கொள்வது. தோல் விரிவாக்கம் என்ற பெயரில் பலவகை உத்திகள் இதில் அடங்கும். முதல் இரண்டுக்கும் கைத்திறன் போதும். மூன்றாவதற்குக் கைத்திறனை விடப் பொறுமை வேண்டியிருந்தது, அது மருத்துவரிடமும் நாயின் சொந்தக்காரரிடமும் ஒரே சமயத்தில் இருந்ததாக நினைவில்லை.

தோல் ஏன் விரிகிறது என்பதை அறியாமல் விரிக்கப் புகுவது ஆபத்தானது. தோலின் நடு அடுக்கில் கொலாஜன் என்னும் புரத நார்கள் சிக்கெடுக்காத நூற்கண்டு போல நெளிந்தும் பின்னியும் கிடக்கின்றன. மெல்ல இழுக்கும்போது முதலில் அந்த நெளிவுகள் நிமிர்கின்றன. இக்கட்டத்தில் சிறிய விசைக்கே தோல் நிறைய நீள்கிறது. நார்கள் எல்லாம் இழுக்கும் திசையில் வரிசைப்பட்டு நிமிர்ந்துவிட்ட பிறகு, எவ்வளவு விசை கொடுத்தாலும் நீட்சி மிகக் குறைவாகவே கிடைக்கும். அதற்கு மேல் இழுத்தால் கிழிசல்தான். ஆனால் அந்த எல்லையில் விசையை விடாமல் பிடித்திருந்தால், நார்களுக்கிடையே உள்ள நீர் பிழிந்து வெளியேறி, நார்கள் ஒன்றின் மேல் ஒன்று சற்றே நழுவி, தோல் சில நிமிடங்களில் தன் இயல்பான எல்லையைத் தாண்டி நீள்கிறது. பொறியாளர்கள் உலோகத்துக்குச் சொல்லும் ஊர்வு என்ற சொல் இதற்கும் பொருந்தும். இதனை இயந்திர ஊர்வு என்று குறிப்பிடலாம். இதன் மறுபக்கமாக, இழுத்த நீளத்தை மாற்றாமல் நிறுத்தி வைத்தால், அதைப் பிடித்து வைக்கத் தேவைப்படும் விசை நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டு வரும். மாலையில் கம்பி போல விறைத்து நின்ற தையல் மறுநாள் காலையில் தளர்ந்து தொங்குவதை ஒருமுறை பார்த்தவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவை இரண்டிலும் தோல் நீள்கிறதே தவிர, கூடுவதில்லை. நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் இழுவிசை நீடித்தால் நடப்பது வேறு. மேல்தோலின் செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன, புதிய கொலாஜன் உருவாகிறது, புதிய நுண்குழாய்கள் கிளைக்கின்றன, உண்மையிலேயே புதுத் தோல் உண்டாகிறது. இதனை உயிரியல் ஊர்வு என்பர். கருவுற்ற வயிற்றின் மேல் தோல் ஒன்பது மாதத்தில் செய்வது இதைத்தான். மயிர்க்கால்கள் மட்டும் இந்தப் பெருக்கத்தில் சேர்வதில்லையாதலால், விரிந்த தோலில் இருந்த மயிரே இடைவெளி விட்டு அமர்கிறது. அடர்ந்த மயிருள்ள நாயில் இது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த உண்மையை மனித மருத்துவம் கருவியாக்கிக்கொண்டது தாமதமாகத்தான். 1957இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நியூமன், காதின் ஒரு பகுதியை இழந்த ஒருவருக்கு அதை மீண்டும் அமைக்கத் தோல் வேண்டி, காதுக்கு மேலே தோலுக்கடியில் ஒரு ரப்பர் பையை வைத்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் காற்றடைத்து விரித்தார். அது பெரிதாகப் பின்பற்றப்படவில்லை. 1976இல் செடோமிர் ராடோவன் என்ற மருத்துவர், தோலுக்கு வெளியிலிருந்து ஊசியால் குத்தி உப்புநீர் ஏற்றக்கூடிய, குத்திய துளை தானே மூடிக்கொள்ளும் வால்வு வைத்த சிலிக்கோன் பையைப் பயன்படுத்திக் காட்டிய பிறகே திசு விரிப்பான் என்ற கருவி பரவலாயிற்று. நல்ல தோலுக்கு அடியில் பையை வைத்து மூடி, காயம் ஆறிய பின் சில நாட்களுக்கு ஒருமுறை கொஞ்சம் நீர் ஏற்றி, தோல் குடம் போல உப்பியதும் பையை எடுத்துவிட்டு, உபரியாகக் கிடைத்த தோலை மடலாகப் பக்கத்துப் புண்ணின் மேல் நகர்த்துவது இதன் முறை. பையைச் சுற்றி உருவாகும் நார் உறையில் இரத்தக் குழாய்கள் செழித்து வளர்வதால், இவ்வாறு கிடைக்கும் மடல் சாதாரண மடலைக் காட்டிலும் நன்றாக உயிர் பிழைக்கிறது. 1990களில் நாயின் கால்களிலும் இது சோதிக்கப்பட்டு, வேலை செய்கிறது என்று கண்டறியப்பட்டது.

நூலகத்தில் இவற்றைப் படித்துவிட்டு வார்டுக்கு வரும்போது எழும் முதல் கேள்வி பணம். இறக்குமதியாகும் சிலிக்கோன் பை, ஆட்டுக்குக் காவலாக வளர்க்கப்படும் நாட்டு நாய்க்குரிய செலவில் அடங்காது. மனிதச் சிறுநீர்ப் பையில் செருகும் ஃபோலி குழாயின் நுனியில் நீர் ஏற்றி உப்பவைக்கும் ஒரு சிறு பலூன் இருக்கிறது. அக்குழாய் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். மனித அறுவையிலேயே வசதி குறைந்த இடங்களில் அதைத் தோல் விரிக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதை எழுதுபவரும் அதையே ஒரு கறுப்பு நாட்டு நாயின் கீழ்க்காலில் செய்து பார்த்தார். வெளிப்பக்கத் தோலுக்கடியில் 30 மி.லி. பலூன் உள்ள குழாயை வைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை 3 மி.லி. என்று திட்டமும் எழுதி வைத்தார். நாயின் சொந்தக்காரர் ஒரு பேருந்து நடத்துநர். அவருடைய விடுப்பு முடிவதாக இருந்தது. ஐந்தாம் நாள், இருக்கும் நேரத்தில் முடிந்தவரை ஏற்றிவிடலாம் என்ற அவசரத்தில் ஒரே தவணையில் 12 மி.லி. ஏற்றப்பட்டது.

அளவு மிஞ்சினால் தோல் வெளிறும், விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் இரத்தம் திரும்பி வரத் தாமதமாகும், அதைப் பார்த்து நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. வெளிறுவதற்கு முதலில் தோல் வெளுப்பாக இருக்க வேண்டும் என்பது அன்று மாலை மண்டையில் ஏறவில்லை. சவரம் செய்த கறுப்பு நாயின் தோல் கரும்பலகை போலிருந்தது. அது எதையும் காட்டவில்லை. மறுநாள் காலை தொட்டபோது உப்பிய இடம் சுற்றிலும் இருந்த தோலை விடக் குளிர்ந்திருந்தது. அதற்கு மறுநாள் அது செருப்புத் தோல் போல விறைத்தது. நான்காம் நாள் அதன் நடுவில் பிளந்த ஓட்டை வழியே பலூனின் மஞ்சள் நிற ரப்பர் எட்டிப் பார்த்தது. ஏற்கெனவே இருந்த புண்ணோடு இன்னொரு புண்ணும் சேர, இரண்டும் ஆற மூன்று மாதம் ஆயிற்று. நடத்துநர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அதன் பிறகு நிறமுள்ள தோலில் கண்ணை நம்புவதை இதை எழுதுபவர் விட்டுவிட்டார். புறங்கையால் சூட்டைத் தொட்டுப் பார்ப்பதே வழக்கமாயிற்று.

இந்தத் தோல்வியைப் புரிந்துகொள்ள உதவியது ஒரு மூதாட்டியின் காது. 2004ஆம் ஆண்டு ஐப்பசி மழைக்காலத்தில், கரிசல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து செவலை என்ற பெயருடைய ஒரு சிப்பிப்பாறைப் பெட்டை கொண்டுவரப்பட்டது. சிப்பிப்பாறை என்பது தென் தமிழகத்தின் வேட்டை நாய் இனங்களில் ஒன்று. ஊர்ப் பெயரே இனத்தின் பெயராயிற்று. ஒடுங்கிய வயிறும் நீண்ட காலும் கொண்ட இவ்வகை நாய்களின் தோல் மெல்லியது, அடியில் கொழுப்பு கிடையாது, முள் கீறினாலே நீளமாகப் பிளக்கும். லாரியின் சக்கரம் செவலையின் வலது பின்னங்காலைத் தார்ச்சாலையில் தேய்த்துக்கொண்டு போயிருந்தது. கணுவின் உட்புறத்தில் 7 செ.மீ. நீளத்துக்கும் 4 செ.மீ. அகலத்துக்கும் தோலும் அதனடியில் இருந்த இணைப்பு நார்களும் காணாமல் போய், எலும்பின் வெண்மை தெரிந்தது. அதன் மேல் இரத்தத்தை நிறுத்த யாரோ காப்பித்தூளை அப்பியிருந்தார்கள். ஆட்டுக்காரரான சொந்தக்காரருடன் அவருடைய தாயாரும் வந்திருந்தார். மகன் ஆடுகளைப் பார்க்கத் திரும்பிவிட, நாயோடு தங்கியவர் அந்த அம்மாள்தான்.

அவர் காதுகள் தோள் வரை தொங்கின. பாம்படம் எப்போதோ விற்றாகிவிட்டது. வெறும் வளையமாகத் தொங்கிய சதை மட்டும் இருந்தது. காப்பித்தூளையும் தார்த்துகளையும் உப்புநீரைப் பீய்ச்சிக் கழுவுவதும், ஈரத் துணிக்கட்டு மாற்றுவதுமாகக் கழிந்த முதல் வாரத்தில், ஒருநாள் உதவிக்கு நின்ற பயிற்சி மருத்துவ இளைஞர் அந்தக் காது வலித்ததா என்று அவரிடம் கேட்டுவிட்டார். அவர் சொன்ன விவரம் இது. குழந்தையாக இருக்கும்போதே கத்தி போன்ற கருவியால் காதைத் துளைத்துப் பஞ்சைத் திணிப்பார்கள். புண் ஆறியதும் பஞ்சைச் சற்றுப் பெரிதாக்குவார்கள். பிறகு சுருட்டிய பனையோலையை வைப்பார்கள், ஓலை விரிந்து கொடுக்கும் அளவுக்குத் துளையும் விரியும். கடைசியாகக் குணுக்கு என்ற ஈய வளையத்தை ஒன்றாகத் தொடங்கி, மாதம் போகப் போக இன்னொன்று, மற்றொன்று என்று மாட்டுவார்கள். ஆசைப்பட்டு முன்கூட்டியே கனத்தை ஏற்றிய வீட்டுப் பெண்ணுக்குக் காது அறுந்து மூளியாகும். இதற்குத் தமிழில் உள்ள பெயர் காது வளர்த்தல் என்பதை அவர் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் இதை எழுதுபவர் கவனித்தார். காதை இழுத்தல் என்றோ நீட்டல் என்றோ யாரும் சொல்வதில்லை. இயந்திர ஊர்வுக்கும் உயிரியல் ஊர்வுக்கும் இடையே பாடநூல்கள் இரண்டு பக்கம் செலவழித்து விளக்கும் வேறுபாட்டை அந்த ஒரு வினைச்சொல் எடுத்து வைத்திருந்தது. பலூன் வைத்த கறுப்பு நாய்க்கு நடந்ததும் அப்போது விளங்கியது. வளர்க்க வேண்டியதை இழுத்ததால் அது மூளியாயிற்று.

செவலைக்கு எதைச் செய்வது என்பதில் சில வழிகள் தாமே விலகின. அமெரிக்கக் கால்நடை அறுவை மருத்துவர் மைக்கேல் பாவ்லெட்டிக் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் உத்தியில், புண்ணுக்கு இருபுறமும் சற்றுத் தள்ளி வெல்க்ரோ திண்டுகளைப் பசையால் தோலில் ஒட்டி, அவற்றை மீள்தன்மையுள்ள பட்டைகளால் இணைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை இறுக்கி, இரண்டு மூன்று நாளில் தோலைப் புண்ணை நோக்கி நகர்த்திக் கொள்வார்கள். அறுவைக்கு முன்பே செய்யலாம், தோலை எங்கும் வெட்ட வேண்டியதில்லை என்பதால் அது அழகான முறை. ஆனால் திண்டு ஒட்டவும் தோல் நகரவும் இடம் வேண்டும், அந்த இடம் விலாவில் உண்டு, கணுவில் இல்லை. புண்ணின் விளிம்புக்கு இணையாக நல்ல தோலில் ஒரு செ.மீ. நீளச் சிறு கீறல்களை வரிசை வரிசையாகப் போட்டு, அவை வாய் விரிவதன் மூலம் தோலுக்கு அகலம் தரும் முறையும் உண்டு. அது காலுக்கு ஏற்றது. எனினும் கீறல்கள் நெருங்கிப் போனால் இடையிலுள்ள தோலுக்கு இரத்தம் எட்டாது, சிப்பிப்பாறையின் மெல்லிய தோலில் அந்தக் கணக்கை நம்பத் துணிவு வரவில்லை.

எஞ்சி நின்றது, அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஸ்வைமும் அவருடன் பணியாற்றியவர்களும் கால் புண்களுக்கெனப் பயன்படுத்திய, நாள்தோறும் இறுக்கிக்கொள்ளக்கூடிய தையல். இதன் அமைப்பு மிக எளியது. வழவழப்பான ஒற்றையிழை நூலை, புண்ணின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இரு விளிம்புகளிலும் மாறி மாறி ஓட்டுவார்கள். பார்வைக்குச் செருப்பின் நாடா கோத்தது போல இருக்கும். நூலின் இரு முனைகளும் முழுத் தோலில் வெளிவந்து, ஒவ்வொன்றும் ஒரு சட்டைப் பொத்தானின் துளைகள் வழியே ஏறி, பொத்தானுக்கு மேல் நசுக்கிப் பதிக்கப்பட்ட ஈயக்குண்டில் நிற்கும். மறுநாள் தோல் தளர்ந்ததும் நூலை இழுத்து, பொத்தானை ஒட்டி இன்னொரு குண்டை நசுக்கினால் இறுக்கம் புதுப்பிக்கப்படும். தூண்டில் நூலில் கோப்பதற்கென்று நடுவில் பிளவு வைத்து விற்கும் ஈயக்குண்டுகளே இதற்குப் பொருத்தமானவை. பயிற்சி மருத்துவ இளைஞர் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு பொட்டலம் நிறைய வாங்கி வந்தார். ஈயம் உருக 327 பாகை செல்சியஸ் வேண்டும், மருத்துவமனையின் நீராவிக் கலம் 121 பாகைக்கு மேல் போகாது, எனவே குண்டுகள் சேதமின்றித் தூய்மையாகி வந்தன. பொத்தான்களில்தான் தகராறு, முதல் ஈடு அப்பளம் போல வளைந்து வந்தது. தையற்கடைக்காரர் ஒருவர் தன் பழைய டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்த கெட்டிப் பொத்தான்கள் தாங்கின.

புண்ணின் தரையில் எலும்பை மூடிச் சிவந்த புதுச்சதை ஏற இரண்டு வாரம் பிடித்தது. எலும்பின் வழுவழுப்பான மேற்பரப்பில் சதை ஏறுவதற்கு, சிறு துளைகள் இட்டு உள்ளிருக்கும் இரத்தத்தைக் கசிய வைக்க வேண்டியிருந்தது. மயக்கம் கொடுப்பதிலும் ஒரு கவலை இருந்தது. அக்காலத்தில் எளிதில் கிடைத்த தையோபென்டோன் மருந்து, கிரேஹவுண்ட் போன்ற கொழுப்பற்ற ஓட்ட நாய்களில் உடலை விட்டு நீங்க வெகுநேரமாகும் என்பது தெரிந்ததே. உடல்வாகில் அதே வார்ப்பில் அமைந்த சிப்பிப்பாறைக்கு அதைத் தவிர்த்தனர். தையல் ஓட்டியது முக்கால் மணி நேர வேலை. குண்டை நசுக்கத் தனியாக ஒரு தேய்ந்த ஊசிப்பிடி ஒதுக்கப்பட்டது, ஏனெனில் ஈயத்தைக் கடித்த பிடி பிறகு ஊசியைப் பிடிக்காது.

முதல் நாள் இழுத்த இழுப்பில் 4 செ.மீ. அகலம் 3 செ.மீ. ஆகக் குறைந்தது. மறுநாள் காலை நூல் தளர்ந்திருக்க, இன்னும் அரை செ.மீ. கிடைத்தது. அந்த வேகம் கொடுத்த உற்சாகத்தில் அன்று மாலையும் ஒருமுறை இறுக்கப்பட்டது. காலில் கட்டுப் போடும்போது நடுவிரல்கள் இரண்டின் நுனியை மட்டும் வெளியே விட்டு வைப்பது வழக்கம்; பாதம் வீங்கினால் அவ்விரு நகங்களும் ஒன்றையொன்று விட்டு விலகும் என்பதற்காக. விடியற்காலையில் அந்த அம்மாள் இரவுப் பணியாளரை எழுப்பி, "வெரலு விரியுது, ஐயாவக் கூப்பிடு" என்று சொல்லியிருக்கிறார். கட்டைப் பிரித்தபோது பாதம் கொழுக்கட்டை போல உப்பிக் குளிர்ந்திருந்தது. கடைசிக் குண்டைக் கத்தரித்து எடுத்ததும் நூல் தானாக உள்ளே ஓடியது. முந்தைய நாள் மாலை சம்பாதித்தது முழுவதும் ஐந்து நிமிடத்தில் திரும்பிப் போயிற்று. இரண்டு மணி நேரத்தில் பாதத்தில் சூடு வந்தது. அதற்குப் பிறகு காலையில் ஒருமுறை, இரண்டு மூன்று மி.மீ. மட்டும் என்ற கணக்கு மீறப்படவில்லை. ஒவ்வொரு நாளும் குண்டை நசுக்கும் ஓசை கேட்டதும் அந்த அம்மாள் எட்டிப் பார்த்து, பொத்தான் மேல் எத்தனை ஈயம் ஏறியிருக்கிறது என்று எண்ணிவிட்டுப் போவார்.

எட்டாம் நாளோடு புண் ஒன்றரை செ.மீ. அகலத்தில் நின்றுவிட்டது. மேலும் இழுத்தால் மீண்டும் விரல்கள் பிரியத் தொடங்கின. முழுவதையும் மூடியே தீருவது என்ற பிடிவாதம் இந்த இடத்தில்தான் பல கால்களைக் கெடுக்கிறது. விரிவாக்கத்தால் கிடைத்தது இரண்டரை செ.மீ. முழுத் தடிமனுள்ள, மயிருள்ள, உணர்ச்சியுள்ள தோல்; மூட்டு மடங்கும் இடத்தை அது போர்த்தியாயிற்று. மீதிக்குத் தோல் ஒட்டுப் போதும். விலாவிலிருந்து 5 மி.மீ. அகலத்தில் மூன்று பட்டைகள் எடுக்கப்பட்டன. நாய்த் தோல் ஒட்டில் சலிப்பூட்டும் வேலை, எடுத்த தோலின் அடியில் உள்ள கொழுப்பைத் துளியும் விடாமல் சுரண்டி எடுப்பது. வெண்மையான பரப்பில் மயிர்க்கால்களின் முண்டுகள் கூழாங்கல் பரப்பியது போலத் தெரியும் வரை கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொழுப்பு இருந்தால் அடியிலிருந்து ஊறும் நீரைத் தோல் உறிஞ்ச முடியாது. பெரிய ஒட்டாக இருந்தால் அதில் சல்லடை போலக் கீறல்கள் போட்டு விரிப்பார்கள். 1964இல் டானர், வாண்டபுட் என்ற மருத்துவர்கள் மனிதர்களுக்கென அதற்கு ஒரு பொறியையே அமைத்தனர், நாய்க்குக் கத்தியே போதுமானது. செவலையின் பட்டைகள் சிறியவையாதலால், புதுச்சதையில் மூன்று வாய்க்கால் வெட்டி அவற்றில் பதித்து, கணு அசையாதபடி பின்புறம் சிம்பு வைத்துக் கட்டியாயிற்று.

ஒட்டிய தோல் முதல் இரண்டு நாள் தரையிலிருந்து ஊறும் நீரை உறிஞ்சியே உயிர் வாழ்கிறது. பிறகு தரையிலுள்ள நுண்குழாய்களின் முனையும் ஒட்டிலுள்ள பழைய குழாய்களின் முனையும் சந்தித்து இணைகின்றன. அதன் பின் புதிய குழாய்கள் உள்ளே வளர்கின்றன. இதன் வெளி அடையாளம் நிறமாற்றம்: பதிக்கும்போது வெளிறியது, இரண்டாம் நாள் நாவற்பழ நிறம், மூன்றாம் நான்காம் நாளில் சிவப்பு. நாவற்பழ நிறத்தைப் பார்த்துச் செத்துவிட்டது என்று எண்ணிப் பிய்த்து எறிந்த ஒட்டுகள் உண்டு. எனவே கட்டை நான்காம் நாள்தான் பிரித்தனர். இரண்டு பட்டைகள் சிவந்திருந்தன. மூன்றாவதன் ஒரு முனை மட்டும் கறுத்து, பிறகு உதிர்ந்தது. ஏழாம் நாள் பொத்தான்களும் குண்டுகளும் நீக்கப்பட்டன. மொத்தம் ஒன்பது குண்டுகள். அவற்றில் ஒன்றை அந்த அம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டார், எதற்கென்று சொல்லவில்லை.

பங்குனியில் செவலையை மறுபடி அழைத்து வந்திருந்தார்கள். கணு முழுவதுமாக மடங்கவில்லை. நடக்கும்போது தெரியாது, ஓடும்போது அந்தக் காலைச் சற்று அகட்டி வைத்தது. இழுத்துச் சேர்த்த தோலுக்கும் பழைய தோலுக்கும் வேறுபாடு காண முடியவில்லை. பட்டைகள் பதித்த இடம் மட்டும் தனித்துத் தெரிந்தது, ஏனெனில் விலாவின் தோல் காலுக்கு வந்தாலும் விலாவின் மயிரையே வளர்க்கும், அது காலின் மயிரை விட நீளமானது. அது இன்னும் துருத்தித் தெரியாமல் இருக்க, ஒட்டுத் தோலை எடுக்கும் முன் மயிரின் போக்கை மையால் அம்புக்குறியிட்டு வைத்துக்கொண்டு, பதிக்கும்போது காலின் போக்கோடு பொருத்த வேண்டும் என்பது விதி. இரண்டு பட்டைகளில் மயிர் பாதத்தை நோக்கி ஒழுங்காகப் படிந்திருந்தது. நடுப்பட்டையில் அது முழங்காலை நோக்கி மேலே நின்றது; அம்புக்குறி துடைத்துவிட்ட அவசரத்தில் யாரோ அதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள், அந்த யாரோ இதை எழுதுபவர். ஆட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் பெருவிரலால் அதைக் கீழ்நோக்கித் தடவித் தடவிப் படிய வைத்துக்கொண்டிருந்தார், விரலை எடுத்ததும் அது எழுந்து நின்றது.